மங்கிவிட்டது என்று சொன்னவள்

லிஃப்ட் மெக்கானிக்கின் குடும்பம் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான்காவது மாடியில் குடியிருந்தது. இதைச் சொல்லிச் சொல்லி அங்கே குடியிருந்தவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். மெக்கானிக்கின் மனைவியை எல்லோரும் நர்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு நிரந்தர இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மேல்வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் உருளும்; தெருவில் யாராவது ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்பார்கள். தூக்கம் அவளுக்கு எப்போதும் அரைகுறையாகத்தான் வாய்த்தது. பகல் வேலைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு நாக்குத்தான் வறண்டது.

மெக்கானிக்குக்கு வேலை செய்யும் இடத்தில் 'வால்' என்று பட்டப்பெயர். குறும்புக்காக வைத்த பெயர் இல்லை, வால்நட்சத்திரப் பைத்தியம் பிடித்ததால் வந்தது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கேமரா உள்ளவர்கள் படம் எடுத்து வால்நட்சத்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். அதை வைத்து அதன் பாதையைக் கணக்கிடுவார்கள். மெக்கானிக்கிடம் இருந்தது ஒரு பழைய பைனாகுலர் மட்டும். அவர் வெளிச்சத்தை மதிப்பிட்டுச் சங்கத்தின் செயலாளருக்கு அனுப்புவார்.

அந்த வருஷம் ஒரு வால்நட்சத்திரம் சூரியனை நோக்கி வந்துகொண்டிருந்தது. சூரியனைச் சுற்றித் திரும்பும்போது வெறுங்கண்ணுக்கே ஜொலிக்கும் என்று பேப்பர்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். கெட்ட நேரம் பார்த்து, லிஃப்ட் குழிக்குள் ஏணி சறுக்கி, மெக்கானிக்கின் கால் முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு. வேலைக்குப் போக முடியாத கவலையைவிட மொட்டைமாடிக்குப் போக முடியாத கவலைதான் மனுஷனைத் தின்றது.

"சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றார்.

"எனக்கு இருக்குற வேலை பத்தாதுன்னு இது வேறயா?" என்றாள் அவள். சோறு வைத்து, அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சேலையைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேசிச் சண்டை போட்டால்கூட அவளால் தாங்க முடியும். இந்த மௌனம்தான் ஆகாது.

"சரி, சொல்லித் தொலைங்க. எப்படிப் பாக்கணும்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். வால்நட்சத்திரம் பஞ்சுபோல இருக்கும், நட்சத்திரமோ புள்ளியாக இருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதனால் பைனாகுலரின் ஃபோகஸைக் கலைத்து நட்சத்திரத்தையும் பஞ்சாக்கிவிட்டு, இது எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று பார்க்க வேண்டும். பிரகாச எண் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் பிடித்தால் இதற்கும் எண் சொல்லிவிடலாம்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. எண் கூடக் கூட வெளிச்சம் கம்மி."

"ஸ்கூல் ரேங்க் மாதிரியா?"

"அதேதான். எண் சின்னதா இருந்தாத்தான் பிரகாசம்."

முதல் நாள் அவள் கண்ணில் ஒன்றுமே படவில்லை. மேற்கே சூரியன் போன இடம் இன்னும் வெளுத்திருந்தது. கொடியில் யாரோ உலர்த்திய ஈரப் போர்வை முகத்தில் அறைந்தது. கை வேறு நடுங்கியது. அடுத்த நாள் முழங்கைகளைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஊன்றிக்கொண்டாள். அப்போது தட்டுப்பட்டது, கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல ஒரு சின்னப் புகைச்சல். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, எண்ணைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதன்பிறகு தினமும் போனாள். பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவளை யாரும் கூப்பிடவில்லை, மணி அடிக்கவில்லை, யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வால்நட்சத்திரமும் நாளுக்கு நாள் பிரகாசமாகிக்கொண்டு வந்தது. மெக்கானிக் கட்டிலில் இருந்தபடியே கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஏறுமுகமாகப் போவதைப் பார்க்கும்போது அவர் கால் முறிந்தவர் போலவே இல்லை.

ஒரு சாயங்காலம், வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. நர்ஸக்கா பைனாகுலரைத் தூக்கியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நேற்று நடுவில் விதைபோல இருந்த பிரகாசமான புள்ளியைக் காணோம். புகைச்சல் நீளவாக்கில் இழுபட்டு, வெளிறிக் கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஃபோகஸைக் கலைத்துப் பார்த்தாள். பஸ் போனால் போகட்டும் என்று இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

எண்ணைக் கேட்டதும் மெக்கானிக்கின் முகம் சுருங்கியது.

"இருக்காது. நேத்தைக்கு இருந்ததுல பாதிகூட இல்லங்கற. நீ வேற எதையோ பாத்திருக்க."

"வேற எதையோ பாத்தா, அது நேத்திலிருந்து எப்படி நகந்திருக்கும்? பாருங்க, வரைபடத்துல நீங்க போட்ட பாதைக் கோட்டு மேலதான் இருக்கு."

"அப்ப கீழ்வானத்துல மூட்டமா இருந்திருக்கும்."

"மூட்டமெல்லாம் இல்ல. பக்கத்து நட்சத்திரம் பளிச்சுன்னுதான் இருந்துச்சு."

"தூங்காத கண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

அவள் பைனாகுலரை மேஜையில் வைத்தாள். "இந்தத் தூங்காத கண்ணை நம்பித்தான் அங்க உயிரையே ஒப்படைச்சுட்டுப் போறாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். ராத்திரி முழுக்க வார்டில் அந்தப் பேச்சு முள்ளாக உறுத்தியது. ஒரு நோயாளிக்கு மூச்சு திணறி, ஓடி, டாக்டரை எழுப்பி, எல்லாம் ஓய்ந்தபோது உறுத்தலும் மரத்துப்போயிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் மேகம் மூடிக்கொண்டது. அவள் மாடிக்குப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, வேலை முடிந்து வந்து படுத்தவளைப் போன் எழுப்பியது. அது சமையலறையில் சார்ஜில் கிடந்தது. மெக்கானிக் ஊன்றுகோலைத் தேடுவதற்குள் அவளே எழுந்து போய் எடுத்தாள். பேசியது சங்கத்தின் செயலாளர்.

"அம்மா, விஷயம் தெரியுமா? அது உடைஞ்சு போச்சாம். கேமராக்காரங்க படத்துல துண்டு துண்டாத் தெரியுது. கணக்குப் போட்ட இடத்துல இருந்தும் விலகிப் போகுது. எப்ப உடைய ஆரம்பிச்சதுன்னுதான் பிடிபடல. அந்த வாரம் எங்க எல்லாருக்கும் மழை. உங்க ஊர்ல மட்டும் அதுல ஒரு நாள் சாயங்காலம் வானம் தெளிவா இருந்துச்சுன்னு வானிலைப் படம் சொல்லுது. ஆனா அன்னைக்கு மூட்டம், பாக்கலன்னு உங்க வீட்டுக்காரர் எழுதியிருக்காரே?"

நர்ஸக்கா திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் சமையலறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். போனில் வந்த குரல் அவருக்கும் கேட்டிருந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

கத்தலாம்தான். கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"எழுதும்போது நாள் மாறிப்போச்சு சார்" என்றாள். "அன்னைக்கு நான் பாத்தேன். நல்லா மங்கிப் போயிருந்துச்சு. நடுவுல இருந்த புள்ளியைக் காணல." எண்ணையும் சொன்னாள்.

செயலாளர் எண்ணைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகு, "யாருமே பாக்காததைப் பாத்திருக்கீங்கம்மா. எழுதி அனுப்பச் சொல்லுங்க, உங்க பேர்லயே" என்றார்.

போனை வைத்ததும் மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "மங்கிப்போச்சுன்னு எழுதினா சங்கத்துல சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அதவிட, அது மங்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"மொதல்ல ஒக்காருங்க. இன்னொரு காலையும் ஒடச்சுக்கப் போறீங்க."

"எம்மேல கோவமில்லயா?"

"இருக்கு. தூங்கி எழுந்து படறேன்."

சொன்னபடியே எழுந்ததும் கோபப்பட்டாள். இரண்டு நாள் பேச்சில் உப்புச் சப்பில்லை. அவர் அவள் பெயரிலேயே எழுதி அனுப்பினார். சங்கத்தின் அறிக்கையில் அது ஒரு வரியாக வந்தது. அதை அவர் உரக்கப் படித்துக் காட்ட, அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போனது. மறுபக்கம் ஒன்றும் வரவில்லை. பேப்பர்காரர்கள் வேறு செய்திக்குத் தாவிவிட்டார்கள்.

கட்டுப் பிரித்து, மெக்கானிக் லேசாகக் கெந்தியபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். மழைக்காலம் முடியும் தறுவாயில் நர்ஸக்காவுக்குப் பகல் வேலையும் கிடைத்தது. கிடைத்து என்ன? உடம்பு பழகிய பழக்கம், இருட்டினால் கண் மூட மறுத்தது. அப்படி அவள் புரண்டுகொண்டிருந்த ஒரு விடியலில் மெக்கானிக் பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். கிழக்கே புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம்.

"முழிச்சுட்டுத்தான இருக்க, வாயேன்."

"நீங்க போய்ப் பாருங்க. வந்து சொல்லுங்க, நம்பறேன்."

அவர் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். ஏற்ற இறக்கமாக அவர் படியேறும் சத்தம் மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் தூங்கிப்போனாள்.