பாதி மாத்திரை

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் ஓர் அம்மா. இடுப்பில் உலோக மூட்டு வைத்தவர். ஒவ்வொரு வளைவிலும் இடுப்பைக் கையால் பிடித்து, உள்ளே சத்தம் வருகிறதா என்று தலை சாய்த்துக் கேட்டார்.

“உள்ள வச்ச இரும்பு தேஞ்சு ரத்தத்துல கலக்குதுன்னு டாக்டரு சொல்றாருண்ணே. தோட்டத்து நர்சம்மா, ரத்தத்துல இரும்பு பத்தலைன்னு மாத்திரை குடுக்குறாக. நான் யாரு பேச்சைக் கேக்க?”

அந்த இரும்பு வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் மாத்திரையைக் கடித்து ஒரு பாதியை விழுங்கினார். மறுபாதியை முந்தானையில் முடிந்துகொண்டார். இறங்கும்போது, “சரிதானண்ணே?” என்றார்.

தலையாட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.