அறுபத்தைந்து வாட்

கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்டப் போனேன். கேமரா ஐந்து, வைஃபை பெட்டி ஒன்று, நர்ஸம்மாவின் மேசைக்கு ஒரு போன். எல்லாவற்றுக்கும் இணைப்பையும் மின்சாரத்தையும் ஒரே ஒயரில் அந்த ஸ்விட்சே கொடுக்கும். அங்கே செல்போனுக்கு டவர் கிடைக்காது. பிரசவ வலி கண்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட அந்தப் போன்தான் கதி.

ஸ்விட்சுக்கு எத்தனை வாட் அடாப்டர் என்று முடிவு செய்தவன் நான். கள்ளக்குறிச்சிக் கடையில் அறுபத்தைந்து வாட் கைவசம் இருந்தது. நூற்றிருபது என்றால் சென்னையிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். எனக்கு எப்போதும் அவசரம். மதியம் எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்தேன்; நாற்பத்தொன்று. தாராளம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். மலைக்கு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த பஸ்ஸில்தான் இறங்குவோம். அங்கே பொழுது சாய்ந்து நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

மறு வாரம் நர்ஸம்மா கூப்பிட்டார். "சார், பொழுது சாஞ்சா போன் செத்துப் பூடுது. காலையில பாத்தா நல்லாத்தான் கீது. இன்னான்னு வந்து பாக்குறீங்களா?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா" என்றேன். எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் அந்த ஒரே கஷாயம்தான். அடுத்த முறை கூப்பிட்டபோதும் அதையே ஊற்றினேன்.

மூன்றாம் முறை அவர் என்னை வரச் சொல்லவில்லை. முந்தின நாள் அந்தியில் ஒரு பெண்ணுக்கு வலி வந்ததையும், போன் வேலை செய்யாததால் கணவர் டவர் தேடி பைக்கில் போனதையும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டதையும் மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இருட்டினால் கேமராக்களுக்குள் இருக்கும் விளக்குகள் எரியும். தேவை எழுபத்தாறு வாட்டுக்கு ஏறும். தாங்காத ஸ்விட்ச், ஒயர் சொருகும் துளைகளில் கடைசியில் இருப்பதை முதலில் வெட்டிவிடும். அதிகாரிகள் கேமராவைத்தான் கேட்பார்கள் என்று முன்துளைகளை அவற்றுக்குக் கொடுத்து, போனைக் கடைசியில் சொருகியவனும் நானே. இருட்டில் கேமரா எத்தனை வாட் இழுக்கும் என்பது அதன் பெட்டியில் அச்சடித்தே இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நூற்றிருபது வாட் வாங்கிக்கொண்டு போனேன். அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். இருட்டிய பிறகும் போன் உயிரோடு இருந்தது. சுவரில் உயரத்தில் இருந்த ஸ்விட்சுக்கு ஏற எனக்கு ஏணி பிடித்தவர் இறந்த குழந்தையின் அப்பா என்று நர்ஸம்மா தணிந்த குரலில் சொன்னார். நான் இறங்கியதும் அந்த அப்பா என் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"மலையில கரண்டே கம்மிங்க சார். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஆமாங்க" என்றேன்.