ஐஸுக்கு அடங்காத சரக்கு

போன வாரம் தூத்துக்குடியில் அருளப்பன் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்குப் புற்றுநோய். சென்னை ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்து ஏற்ற நாள் குறித்துவிட்டார்கள். அண்ணாச்சியோ மகளுடன் வீடியோ காலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏளா, அன்னைக்கு மாதா கோயில்ல கொடியேத்தம். கொடிக்கயிறு புடிக்காம நான் ஒரு வருசமும் இருந்ததில்ல. மருந்த ஐஸ்ல போட்டு வைக்கச் சொல்லு. மறுநா வாரேன்."

"ஐஸ்ல வச்சா மீனு நிக்கும். இது நிக்காதுப்பா. வச்ச எடத்துலயே கொறஞ்சுகிட்டே போவும். ஒங்களுக்குன்னு வருது. அன்னைக்கே ஏத்தணும்."

அண்ணாச்சி நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஐஸ் போட்டும் நிற்காத சரக்கை அவர் பார்த்ததே இல்லையே!

மகள் மெர்சிக்கு வெளிநாட்டில் ஒரு துகள் முடுக்கியில் வேலை. அணுக்கருக்களை நினைத்தே பார்க்க முடியாத வேகத்தில் ஓடவிட்டு மோதவைக்கும் ராட்சத மெஷின் அது. ஆராய்ச்சிக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். மிச்சத்தைத் தண்ணீரில் பாயவிட்டு நிறுத்துகிறார்கள். அந்தத் தண்ணீரில் புதுப்புது அணுக்கள் பிறந்து கிடக்குமாம்! அதை வடிகட்டி, மருந்துக்கு ஆகிற அணுக்களைப் பிரித்தெடுப்பதுதான் மெர்சியின் வேலை.

"இறாலுக்கு வலை போட்டா கழிசல் மீனும் ஏறுதுல்லா அங்கிள்... அதுலருந்து நல்லதப் பொறுக்குத மாதிரிதான்" என்றாள் என்னிடம். "அப்பாவுக்கு வாரது வேற எடத்துல செஞ்சது. நாங்க பொறுக்குதது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத ஒன்று. பிறந்த நொடியிலிருந்து தேய்ந்துகொண்டே இருப்பது. அது தேய்ந்து முடிவதற்குள் முகம் தெரியாத ஒரு நோயாளியின் உடம்பில் கொண்டுபோய்ச் சேர்க்க, எங்கெங்கோ எத்தனை பேர் ஓடுகிறார்கள்! நாம் என்னடாவென்றால், ஊசி போடப் போவதற்கும் ராகுகாலம் பார்க்கிறோம்.

அண்ணாச்சி மசியவில்லை. கடைசியில் மெர்சி அழுதுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் மருந்து தேடுதேன். எங்கப்பாவுக்கு வாரது வீணாப் போவணுமா? இத விட்டா அடுத்தது எப்பக் கெடைக்குமோ..."

அண்ணாச்சி போனை என் கையில் கொடுத்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுப் பையில் துணி எடுத்து வைக்கச் சொன்னார்.

"கொடிக்கயிறு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கயிறு புடிக்க ஊர்ல ஆளு இருக்கு தம்பி. ஐஸுக்கே அடங்காத சரக்குன்னா, அது பின்னால நாமதான ஓடணும்?"

இதை நீங்கள் வாசிக்கும்போது கொடி ஏறியிருக்கும். மருந்தும்தான்!