எட்டாம் நம்பர் கட்டில்

அந்தச் சர்ச் உபதேசியார் மெலிந்த மனிதர். பேசும்போது ஆள்காட்டி விரலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருப்பார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கும் அவர் மனைவிக்கும் மறுநாள் ஆபரேஷன். எங்களுக்குக் கிடைத்தது எட்டாம் நம்பர் கட்டில். எட்டு ஆகாதே என்று தறிக்கும் போகாமல் மூன்று நாளாக நர்ஸிடம் கெஞ்சி ஓய்ந்திருந்தேன். யாராவது மாற்றிக்கொள்ள வந்தால் சரி என்றாள். யார் வருவார்கள்?

"எபிரெய பாஷையில எட்டாவது எழுத்து வாசப்படி மாதிரி இருக்குதுபா," என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டினார் உபதேசியார். "அந்த எழுத்துதான் அவங்களுக்கு எட்டு. ஏழு நாள் வாரம் முடிஞ்ச மறுநாள்தான் ஆண்டவர் உயிர்த்தெழுந்தாரு. எட்டுன்னா புதுசா ஆரம்பிக்கிறது."

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குத் தமிழ் எழுத்தே தகராறு. எரிச்சல் வந்தது. "அவ்ளோ நல்லதுன்னா உங்க வீட்டம்மாவ அதுல படுக்க வைங்களேன்!"

"பிரசங்கம் போதும், என் தலகாணிய எடுங்க," என்றார் அந்த அம்மா சிரித்துக்கொண்டே.

இரண்டு பெண்களும் நல்லபடியாகவே வீடு திரும்பினார்கள். ஆனாலும் எட்டாம் கட்டிலில் போர்வை விரித்த உபதேசியார், கட்டில் நம்பரைத் தலகாணியால் மறைத்து வைத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் என் மனைவியை அவர்களுடைய கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.