ஆணியில் தொங்கிய ரொட்டி

அந்த ஊர் வழக்கப்படி, போருக்குப் போகிறவன் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போவான். அவன் திரும்பி வந்து மீதியைத் தின்னும்வரை அது சுவரில் தொங்கும். வேறு யார் வாயும் அதில் படக்கூடாது. யோல்தோஷ் கடித்த கடியில் பாதி ரொட்டி காணாமல் போயிற்று.

"பார்த்துக் கடிடா. திரும்பி வந்து எதைத் தின்பே?" என்றார் அப்பா எர்நஸர்.

"எலி தின்னாம பாத்துக்கங்கப்பா. உங்களைச் சொல்லல, நிஜ எலியைச் சொல்றேன்."

அவன் மனைவி அனோர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவன் அப்படித்தான். பத்தொன்பது வயது. கழுதை உதைத்து முன்பல் பாதி உடைந்தபின், அந்தக் கழுதையோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன். இரவில் தண்ணீர் திருப்பப் போனால் பேய்க்குப் பயந்து பாடிக்கொண்டே போவான். அந்தக் குரலுக்குப் பேய்தான் ஓடும் என்று ஊரே கேலி செய்யும். இருட்டுக்குப் பயந்த பிள்ளை கையிலா துப்பாக்கியைக் கொடுப்பார்கள் என்று எர்நஸருக்கு மனசே ஆறவில்லை. ரொட்டியில் கடித்த இடத்தின் நடுவே, உடைந்த பல் விட்டுவைத்த சின்ன மேடு அப்படியே இருந்தது.

அவன் போனபின், தினமும் வயலிலிருந்து வந்ததும் எர்நஸர் மருமகளிடம் கேட்பார்: "எலி வந்துச்சாம்மா?"

"வரல மாமா."

முசுக்கொட்டை மரம் தளிர்த்த சமயம். எர்நஸர் வாய்க்காலில் இறங்கி வண்டல் வாரிக்கொண்டிருந்தார். கரைமேல் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் அங்கியின்மேல் இடுப்புத் துணி கட்டியிருந்தார்கள். துக்கத்துக்குத்தான் அந்த ஊரில் அப்படித் துணி கட்டுவார்கள்; சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்கள்தான் அப்படிச் சேர்ந்து வருவார்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். திரும்பவில்லை.

"எர்நஸர், மண்வெட்டியைக் கீழ வை," என்றார் ஊர்ப் பெரியவர் இஷ்மத்.

"வைக்கலன்னா?"

இஷ்மத் தண்ணீரைப் பார்த்தார். எர்நஸர் மண்வெட்டியைக் கரையில் வைத்தார். ஆனாலும் முதலில் அவர் வாயில் வந்தது மகனின் பெயர் அல்ல.

"அந்த இடுப்புத் துணியை அவுத்துடுங்க. மருமக வாசல்ல நிப்பா."

போன மாதம்தான் கீழத் தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இப்படிச் செய்தி கேட்டு விழுந்தாள். தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. அனோருக்கு இது ஏழாம் மாதம்.

"புள்ள பொறக்கட்டும்," என்றார் எர்நஸர். "அதுவரைக்கும் என் மகன் உயிரோட இருக்கட்டும்."

மூவரும் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப்பின் நாய் குரைத்தாலும், யாராவது அனோரிடம் சொல்லிவிடுவார்களோ என்று அவர் வாசலுக்கு ஓடினார். செய்தி எப்படியோ கசிந்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் அனோருக்குப் பால் கொண்டுவந்து தந்தார்கள். எர்நஸர் அவர்களை வேலியோரம் மடக்கினார். "என்ன திடீர்ப் பாசம்? பழையபடி கோழிக்குச் சண்டை போடுங்க. இல்லன்னா அவ கண்டுபிடிச்சிருவா." அவர் அழுததெல்லாம் வாய்க்காலில், இடுப்பளவு தண்ணீரில் நின்று. வீட்டுக்குள் ரொட்டி தொங்கும் சுவரை ஏறிட்டுப் பார்க்கவே பயந்தார்.

ஒரு காலையில் மருத்துவச்சி வெளியே வந்தாள். "பொண்ணு. ரெண்டு உயிரும் நல்லாருக்கு."

இனி சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை, அந்த வாசற்படியைத் தாண்டுவதுதான் பயம் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. தயங்கித் தயங்கி உள்ளே போனார்.

ஆணி காலியாக இருந்தது.

அனோர் மடியில் குழந்தையும் கையில் தேநீர்க் கிண்ணமுமாக இருந்தாள். கிண்ணத்தில் ரொட்டி ஊறிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க மாமா," என்றாள். "எலி வந்துடுச்சு."

அவர் அவள் எதிரில் உட்கார்ந்தார். "எப்பம்மா தெரிஞ்சுது?"

"நீங்க எலியைப் பத்திக் கேக்கறத நிறுத்தினீங்களே, அன்னிக்கே."

"ஒரு வார்த்தை கேக்கலியே தாயி."

"நான் கேட்டா நீங்க ஒடைஞ்சு போயிருவீங்கன்னு பயம். நான் அழுதா வயித்துல இருக்கறது போயிருமோன்னும் பயம்." குழந்தையின் தலையைத் தடவினாள். "பால் ஊற மாட்டேங்குது, நான் தின்னாத்தான் ஊறும். அவர் மிச்சம் வச்சது இவளுக்குத்தானே?"

கிண்ணத்தில் நனைக்காமல் ஒரு துண்டைத் தனியே வைத்திருந்தாள். அதன் ஓரத்தில் அந்தச் சின்ன மேடு இருந்தது.

"இது உங்களுக்கு. தின்னுட்டுச் சத்தமா அழுங்க மாமா. இனிமே அழலாம்."

அவர் அதை வாயில் போட்டார். மெல்ல முடியவில்லை. அவர் குரல் வெடித்து வாய்க்கால்வரை கேட்டது. கரையில் இருந்த இஷ்மத் எழுந்து, அன்று அவிழ்த்த இடுப்புத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.