பின்பக்கத்துப் பல்பு

அப்பா ஆட்டை விற்றுக் குடித்த நாளிலிருந்து அவரும் அம்மாவும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. சோறு போட்டாயிற்று என்பதைக்கூட நான்தான் போய்ச் சொல்வேன். பேச்செல்லாம் அப்பாவின் பைக்கில்தான். அதுவும் சண்டை.

அம்மாவுக்குப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை. இருட்டு பிரியும் முன்பே எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து கிளம்ப வேண்டும். வீட்டில் வேறு ஆளில்லாததால் என்னையும் பெட்ரோல் டாங்கின்மேல் உட்காரவைத்துக்கொள்வார்கள். பழைய வண்டி, பேட்டரி கிடையாது. என்ஜின் சுழன்று தருகிற கரண்டில்தான் விளக்கு. முறுக்கினால் எரியும். பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்தால், வெளிச்சம் வேண்டிய அந்த இடத்தில்தான் மங்கும். உடனே அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

"பள்ளம். ஓரமா போயா."

"தெரியுது. நீ ஓட்றியா?"

"கண்ணு தெரிஞ்சவன் ஓட்ற மாதிரியா இருக்கு?"

எல்லாவற்றுக்கும் விளக்குதான் காரணம் என்று முடிவு செய்தேன். ஒருமுறை பின்விளக்கு பல்பு போனபோது முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. இருக்கிற கரண்டை இரண்டு பல்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதற்கு முழுப்பங்கு. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பல்பைக் கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாலை பட்டப்பகலாக இருந்தது. கரும்புக் கொல்லை ஓரத்துப் பள்ளங்கள் தூரத்திலேயே தெரிந்தன. அம்மா வாய் திறக்கவில்லை. அப்பாவும்தான். ஆஸ்பத்திரி வாசல் வரை என்ஜின் சத்தம் மட்டும். செவ்வாயும் புதனும் அப்படியே. சண்டையை நிறுத்தியவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

வியாழக்கிழமை பாதி வழியில் முன்பல்பு கருகிப்போயிற்று. அப்பா இறங்கிப் பின்னால் தடவிப் பார்த்தார். என்னிடம் கை நீட்டினார். பல்பைக் கொடுத்தேன்.

"ரெண்டு பேரு தூக்குற மூட்டய ஒருத்தன் தலையில ஏத்தினா இன்னாடா ஆவும்? பின்னால வர்ற டிராக்டர்காரனுக்கு நம்ம தெரிய வாணாமா?"

அடி விழவில்லை. விடியும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சாயங்காலமே இரண்டு பல்பும் மாட்டியாயிற்று. மறுநாள் முதல் பள்ளத்தில் பழையபடி மங்கியது.

"பள்ளம்," என்றாள் அம்மா.

"எங்க?"

அந்தப் பள்ளம் அப்பாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

"கொஞ்சம் இந்தாண்ட வாயா, சொல்றேன்."

நான் திரும்பி, "பேட்டரி வச்சி வயர மாத்தினா மங்கவே மங்காதும்மா," என்றேன்.

"நீ ஒண்ணும் நோண்ட வாணாம்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மெக்கானிக்காகி ஊர் ஊராகப் போய் எத்தனையோ வண்டிகளைப் பிரித்திருக்கிறேன். நான் சொன்ன வழி சரியானதுதான். இவர்களுக்கு வயரிங் புரியவில்லை என்று அன்றைக்கு வெகு நேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.