குட்டோ ஆன்ட்டியின் இடப்பக்கங்கள்

உங்கள் அம்மா குட்டோ ஆன்ட்டி எழுதியதில் பாதியை ஒளித்துவிட்டுப் புத்தகம் போட்டிருக்கிறீர்கள். நேற்று ஹில்ஸ்பரோ மண்டபத்தில் நடந்த வெளியீட்டில் அடித்த சமோசா வாசனை, லின்ஃபீல்டில் ஆன்ட்டி நடத்திய டெய்ரிக்கு, அந்தத் தெருமுனை மளிகைக் கடைக்கு, என்னை இழுத்துக்கொண்டு போனது. இன்று அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. பள்ளி விட்டதும், அம்மா வேலை முடிந்து வரும்வரை, பால் கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருப்பேன். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருக்கும், வறுத்த சீரகமும் ஈர அட்டைப்பெட்டியும் கலந்து மணக்கும், கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் ஆன்ட்டி நோட்டைத் திறந்து இடப்பக்கம் பஞ்சாபியிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் ஒரே கதையை எழுதுவார், எழுதியதை எனக்கு விளக்கிச் சொல்வார். ஆங்கிலத்தில் மாமியார் கொஞ்சம் கண்டிப்பானவள். பஞ்சாபியில் அவள் மருமகளின் கையைச் சூடான சப்பாத்திக் கல்லில் வைத்து அழுத்துவாள்.

"ஏன் ஆன்ட்டி ரெண்டும் வேற வேற?"

"அந்தப் பக்கம் கஸ்டமருக்கு, மகளே. இது எனக்கு."

அவர் மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பை நீங்களும் பார்த்துத்தானே வளர்ந்தீர்கள்? புத்தகத்தில் வலப்பக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றன. முன்னுரையில் "அன்பான குடும்பம்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கங்கள் எங்கே என்று கேட்டதற்கு, "அது சும்மா டிராஃப்ட், சிஸ்டர். சமோசா எடுத்துக்குங்க" என்றீர்கள்.

இந்தக் கடிதத்தை ஒரு வரி குறைக்காமல் ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த நோட்டுகளை என்ன செய்தீர்கள்? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அதே மண்டபத்தில், அதே மைக்கில் சொல்லுங்கள்.